ஒரு பெரியவரின் உறவினரைத் தேடி அலைந்தது

சிங்கப்பூர்க் காவல்துறையில் விசாரணை அதிகாரியாக இருந்தேன். மனைவி தவறிய பிறகு நான் விசாரித்த முதல் மரணம் அது. பணி ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரம் எதுவும் இதில் இல்லை.

ஓரறை வாடகை வீடு. தனியாக வசித்த தமிழ்ப் பெரியவர். வாடை தாங்காமல் பக்கத்து வீட்டு மலாய் அம்மா காவல்துறையை அழைத்திருந்தார். கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. முகம் பார்த்து அடையாளம் சொல்லும் நிலையில் உடல் இல்லை. கைரேகை ஒத்துப்போனதால் அந்த வேலை சீக்கிரம் முடிந்தது.

மேசைமேல் கிழமை போட்ட மாத்திரை டப்பா. காலை, இரவு என்று இரண்டு வரிசை. செவ்வாய் இரவு வரை காலி, புதன் காலையிலிருந்து அப்படியே இருந்தது. அதே மாதிரி டப்பாவை ஞாயிறுதோறும் என் மனைவிக்கு நான்தான் நிரப்புவேன். எண்ணிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. உடன் வந்த இளம் அதிகாரி, “சார், நான் எழுதிக்கிறேன்” என்று குறிப்பேட்டை வாங்கிக்கொண்டார்.

பெரிய அலைச்சல் உறவினரைத் தேடியதுதான். பழைய முகவரியில் வேறு குடும்பம். அவர் வேலை பார்த்த இடத்துக்குப் போனால், முகப்பில் இருந்தவர் நான் கொடுத்த கடிதத்தைக்கூடப் பிரிக்காமல், “பழைய ஃபைல், மேனேஜர் வரட்டும்” என்றார். மறுநாள் வந்த மேனேஜர், ஃபைல்களை எப்போதோ அழித்துவிட்டதாகச் சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே! ஒரு மனிதர் கேட்பாரற்றுப் பிணவறையில் கிடக்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியில் பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) அட்டையின் பின்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய எட்டு இலக்கத் தொலைபேசி எண் கிடைத்தது. பக்கத்தில் ‘தங்கச்சி மகன்’. அன்று எனக்கு உயிர் வந்தது.

அவுட்ரமில் உள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்தின் 9ஆம் புளோக் பிணவறைக்கு அந்தத் தங்கச்சி மகன் வந்தார். “போய்ப் பார்க்காம விட்டதுக்கு என்மேல கேஸ் வருமா சார்?” என்று கேட்டார். வராது. 2010ஆம் ஆண்டு மரண விசாரணைச் சட்டப்படி, இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பதைக் கண்டறிவதுதான் மரண விசாரணை அதிகாரியின் (கரோனர்) வேலை. யார்மேலும் பழி சுமத்துவதல்ல. அடுத்து, திதி எந்த நாளில் கொடுப்பது என்று கேட்டார். டப்பாவில் பார்த்ததைச் சொன்னேன். அழுதுவிட்டார்.

இந்த நிலை வந்தால் உங்கள் அடையாள அட்டையோடு இறந்தவருடைய அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். உடல் கைக்கு வருவதற்குள் மண்டாய் தகனச்சாலையில் நேரம் குறித்து எல்லாருக்கும் சொல்லிவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனை வேண்டாமென்றால் காவல்துறை விசாரணை அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள். முடிவு மரண விசாரணை அதிகாரியுடையது. 2022 மே 29 முதல் மரணச் சான்றிதழ் மின்னிலக்க வடிவில்தான் வருகிறது. ‘மை லெகசி’ என்ற அரசாங்க இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற மின்னிலக்க அடையாளக் கணக்கு மூலம் 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். துக்கத்தில் அந்த நாள்கள் ஓடிவிடும். வீட்டில் ஓர் இளையவரிடம் அன்றே ஒப்படைத்துவிடுங்கள்.