டிராமா சென்டரில் கான்ட்ராக்ட் நர்ஸை எங்கே நிறுத்துவது?

ஒப்பந்த நர்ஸாக, பலத்த அடிபட்டு வருபவர்களைப் பார்க்கும் டிராமா சென்டர் எமர்ஜென்சிக்குப் போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். சம்பளம், தங்குமிடம், லீவு எல்லாவற்றையும் ஏஜென்சிக்காரர்களே அழகாகச் சொல்லிவிடுவார்கள், அதற்கு நான் தேவையில்லை. அவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுதான். உங்களுக்கு வேலை தெரியும், இடம் தெரியாது. வார்டில் இதைச் சமாளித்துவிடலாம், ஒரு பொருளைத் தேட ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும் என்று விடலாம். டிராமாவில் அந்த ஐந்து நிமிடம் கிடையாது.

உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, அப்புறம் துணியை அகற்றி முழுசாகப் பார்ப்பது என்ற வரிசை எங்கும் மாறாது. 1974-இல் கிளாஸ்கோவில் வகுத்த அதே நினைவு அளவுகோல்தான்; குறைந்தது 3, அதிகபட்சம் 15, எட்டுக்கு வந்துவிட்டால் எல்லோர் கண்ணும் மூச்சுக்குழாயில் போடும் டியூப் பக்கம் போகும். நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாயான கேனுலாவுக்கும் நிறம்தான் அளவு: ஆரஞ்சு என்றால் 14 கேஜ், சாம்பல் 16, பச்சை 18. இதையெல்லாம் கை தானாகச் செய்துவிடும், ஆனால் அந்த ஆரஞ்சு கேனுலா எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று கைக்குத் தெரியாதே. நிறம் என்றதும் இன்னொன்று: கேனுலா நிறத்தை நம்புவது போல ஆபத்து நேரத்தில் மைக்கில் அறிவிக்கும் சங்கேத (கோட்) நிறத்தை நம்பிவிடாதீர்கள். கோட் ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவில் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டும். கனடாவில் வெளியே பெரிய விபத்து, கூட்டமாக ஆட்கள் வரப்போகிறார்கள். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகளில் ரசாயனக் கசிவு. ஓட வேண்டிய திசையே வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிராமா கேஸ் வருகிறது என்று ஆம்புலன்ஸிலிருந்து தகவல் வந்ததும் நர்ஸுகளுக்கு வேலை பிரிப்பார்கள். ஒருவர் படுக்கையருகே நிற்க வேண்டும், ஒருவர் எல்லாவற்றையும் நேரத்தோடு எழுத வேண்டும், ஒருவர் ஓடி ஓடிப் பொருள் எடுத்துத் தர வேண்டும். புதிதாக வந்த கான்ட்ராக்ட் நர்ஸை எங்கே போடுவார்கள் தெரியுமா? "நீங்க புதுசு, சாமான் மட்டும் எடுத்துக் கொடுங்க சிஸ்டர்" என்பார்கள். பாரம் கொடுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இதைவிடத் தப்பான இடம் கிடையாது. நெஞ்சில் போடும் டியூப் செட் எந்த அலமாரியில், இடுப்பெலும்பைக் கட்டும் பெல்ட் எந்தக் கொக்கியில், ரத்த வங்கிக்கு எந்த லிஃப்ட் சீக்கிரம் போகும், மருந்தறைக் கதவின் எண் என்ன என்று தெரிந்தவர்தான் ஓட முடியும். எழுதும் வேலையும் அப்படித்தான். அறையில் இருக்கும் பத்துப் பேரில் யார் சர்ஜன், யார் மயக்க மருந்து டாக்டர், அந்த ஆஸ்பத்திரியின் படிவத்தில் எது எந்தக் கட்டத்தில் என்று தெரியாதவர் கையில் பேனாவைக் கொடுத்தால் பாதி விட்டுப்போகும். படுக்கையருகே நிற்பவருக்கு இதெல்லாம் வேண்டாம், கைப்பழக்கம் இருந்தால் போதும், மற்றதை நீட்ட ஆள் இருக்கிறது. அதனால் ஷிஃப்ட் தொடங்கும்போதே, வேலை பிரிக்கும் சார்ஜ் நர்ஸிடம் போய், "என்னைப் படுக்கையருகே நிறுத்துங்க, ஓட உங்க ஆளை விடுங்க" என்று கேட்டுவிடுவேன். சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஓர் இரவு, இடுப்பெலும்பு நொறுங்கிய ஒருவர். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. நான் வலது பக்கம், கத்தரியால் பேன்ட்டைக் கீழிருந்து மேலே வெட்டிக்கொண்டே கேனுலா ஏற்றக் கையில் நரம்பு தேடுகிறேன். அந்த ஊர் நர்ஸ் ஒருத்தி ஒரே ஓட்டத்தில் பெல்ட்டைக் கொண்டுவந்து கட்ட உதவிவிட்டு ரத்தப் பெட்டிக்குப் போய்விட்டாள். நான் போயிருந்தால் இன்னும் வழி கேட்டுக்கொண்டிருப்பேன். சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் சம அளவில் போக வேண்டும் என்பது 2015-இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு பல இடங்களில் வழக்கமாகிவிட்டது, ஆகவே ஒவ்வொரு பையாக இரண்டு பேர் எண், குரூப் சரிபார்த்து மாட்டுகிறோம். ரத்தம் உறையாமல் இருக்கப் பையில் சேர்க்கும் சிட்ரேட், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இறங்கினால் ரத்தம் உறையாது, இதயமும் தளரும். "கால்சியம் கொடுத்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்டேன். கொடுக்கவில்லை. போட்டார்கள். யாரும் என்னைப் புதுசு என்று பார்க்கவில்லை, பார்க்க நேரமும் இல்லை. இன்னொரு நர்ஸ் சூடான போர்வையோடு தயாராக நின்றாள். உடம்பு குளிர்ந்தாலும் ரத்தம் உறையாது, அதனால் துணியை வெட்டிய கையோடு மூட வேண்டும், இதை மறப்பவர்கள் நிறைய.

எழுதிக்கொண்டிருந்தவர் ஆம்புலன்ஸ் ஆட்களை வாசலிலேயே மடக்கி, விபத்து நடந்த நேரம் என்ன என்று கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மருந்து அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும், அதற்கப்புறம் கொடுத்தால் கெடுதலாகக்கூட முடியலாம் என்று 2010-இல் வெளியான பெரிய ஆய்வும் அதன் தொடர் அலசலும் காட்டின. ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தைக் கணக்கில் எடுத்தால் தப்பாகிவிடும், அடிபட்ட நேரம்தான் கணக்கு.

எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாள் கொஞ்சம் முன்னதாகவே போய் டிராலியின் ஒவ்வோர் இழுப்பறையையும் நானே திறந்து பார்ப்பேன். படம் போட்ட பட்டியல் தருவார்கள், அது உதவாது, கை போய்வந்தால்தான் நிற்கும். வாயிலிருக்கும் ரத்தம், சளியை உறிஞ்சும் சக்ஷனைப் போட்டுப் பார்ப்பேன். ரத்தத்தைச் சூடாக்கி வேகமாக ஏற்றும் மெஷின் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதில் டியூப் மாட்டுவதை ஆள் இல்லாத நேரத்தில் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும்.

அப்புறம் மனிதர்கள். நிரந்தர ஸ்டாஃபுக்கு நம் மேல் ஒரு கோபம் இருக்கும், இதே வேலைக்கு நமக்குக் கூடுதல் பணம் என்று. நியாயமான கோபம்தான், ஆனால் அது நிர்வாகத்தின் மேல் இருக்க வேண்டியது. கஷ்டமான படுக்கைகள் நம் தலையில் விழும், ஆள் குறைந்த வேறு வார்டுக்கு முதலில் நம்மைத்தான் அனுப்புவார்கள். ஓரிடத்தில் விரல் வைத்துத் திறக்கும் மருந்து அலமாரிக்கு எனக்குப் பல நாள் அனுமதியே வரவில்லை, வலியில் கத்துபவருக்கு ஊசி போட ஒவ்வொரு தடவையும் இன்னொருவர் விரலைக் கடன் கேட்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். "எங்க பழைய ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்வோம்" என்ற வாக்கியத்தை மட்டும் வாயிலிருந்து எடுக்கவே மாட்டேன், அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரு நர்ஸையும் நான் பார்த்ததில்லை.

அந்த இடுப்பெலும்பு நோயாளி ஆபரேஷன் தியேட்டருக்குப் போனார், அப்புறம் என்ன ஆனார் என்று தெரியாது. ஒப்பந்தம் முடிந்தால் கம்ப்யூட்டர் கணக்கும் மூடிவிடும், கேட்கவும் வழியில்லை.

இப்போதெல்லாம் ஏஜென்சி போன் செய்தால் மூன்றே கேள்விதான். எத்தனை ஷிஃப்ட் கூடுதல் ஆளாக நின்று கற்றுக்கொள்ள விடுவார்கள், ரத்தம் ஏற்றும் மெஷினை யார் காட்டித் தருவார்கள், வேலையில் சேரும் நாளிலேயே மருந்து அலமாரி எனக்குத் திறக்குமா. "அதெல்லாம் போனதும் பழகிடும் சிஸ்டர்" என்று பதில் வந்தால் கையெழுத்துப் போடுவதில்லை.