பழைய பிக்கப், 73,000 ரூபாய், ஒரு டிராக்டர் என்ஜின்

மடத்துக்குளத்தைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். வெப்பமானியின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. வண்டியில் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஏற்றிய முருங்கையும் தக்காளியும் இருந்தன; விடிவதற்குள் பாலக்காட்டில் இறக்கியாக வேண்டிய சரக்கு. அதை வேறொரு வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட்டு, அப்பாவின் 2006ஆம் ஆண்டு மஹிந்திரா பிக்கப்பை மறுநாள் காலையில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். பதினேழு ஆண்டுகளாக எங்கள் வீட்டுச் செலவில் பாதியைச் சுமந்த வண்டி அது. ஓடுகிற நிலையில் விற்றால் ஒன்றரை லட்சம் வரை போகும் என்றும், என்ஜின் போன நிலையில் எழுபதாயிரத்துக்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்றும் தரகர் சொன்னார். புது வண்டி வாங்கினால் கடன் தவணையைக் கட்டுவதற்காகவே ஓட்ட வேண்டியிருக்கும் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டதால், அறுபதாயிரத்துக்குள் இதை எழுப்பி நிறுத்த முடியுமா என்ற கேள்வி மட்டும் எங்கள் முன் மிஞ்சியது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் எதையும் கழற்றுவதற்கு முன்பு, வண்டியை ஸ்டார்ட் செய்து ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். "உள்ளுக்குள்ள மூச்சு விடுது தம்பி" என்றார். எரிந்த வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கினால், அது ஆயில் மூடி வழியாகவும் பிரீதர் குழாய் வழியாகவும் திப்திப்பென்று வெளியே வரும். பிறகு டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தோம். ஒன்றும் நான்கும் 350 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருந்தன. இரண்டும் மூன்றும் 260ஐத் தாண்டவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாக விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் அவற்றுக்கு நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டைத்தான். ஆனால் சில சொட்டு ஆயிலை உள்ளே விட்டுப் பார்த்தபோது நான்கு சிலிண்டர்களிலும் அளவு ஏறியது. ரிங்கும், சிலிண்டரின் துளையான போரும் தேய்ந்திருந்தால்தான் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தத்தை உயர்த்தும். ஆக, வெந்துபோன கேஸ்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்ற ஆசை அந்த இடத்திலேயே முடிந்தது.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கழித்த வண்டியிலிருந்து எடுத்த அதே வகை என்ஜினை வாங்கி மாட்டுவது. சென்னைப் புதுப்பேட்டையைப் போலவே மற்ற நகரங்களிலும் பழைய உதிரிபாகச் சந்தைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் 48,000 ரூபாய்க்கு ஒரு என்ஜினைக் காட்டினார்கள். தரையில் டயரின் மேல் உட்கார வைத்து, பேட்டரியையும் டீசல் கேனையும் இணைத்து ஓட்டியும் காட்டினார்கள். சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுமை இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடுகிற என்ஜின், ஒன்றரை டன்னை ஏற்றிக்கொண்டு எப்படி ஓடும் என்பதை அந்தச் சத்தம் சொல்லாது. மேலே புதிதாக அடித்திருந்த பச்சை பெயின்ட் கேஸ்கெட் விளிம்புகளையும் சேர்த்து மூடியிருந்ததால், எங்கே ஆயில் கசிந்திருந்தது என்று பார்க்கவும் வழியில்லை. ஏற்றுக்கூலி, மாட்டும் கூலி, கிளட்ச் பிளேட், ஆயில் எல்லாவற்றையும் கூட்டினால் அதுவும் அறுபத்தைந்தைத் தொட்டது.

அதைவிடப் பெரிய தயக்கம் காகிதத்தில் இருந்தது. என்ஜின் எண் அதன் உடலான பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் அதே எண். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதே தயாரிப்பு, அதே வகை என்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ளும் சலுகையை மாநில அரசு வழங்கலாம் என்றும் அந்தப் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது பத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர்களுக்கு. ஒற்றை வண்டிக்காரர் வேறு பிளாக்கை மாட்டினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எண்ணை மாற்றிப் பதிய வேண்டும். அதற்கு அந்தப் பழைய என்ஜின் முறையாகக் கழிக்கப்பட்ட வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதம் கையில் இருக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயது தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும் என்பதால் இதை மறைத்து ஓட்டவும் முடியாது. நான் பார்த்த கடையில் பில் தருவதாகச் சொன்னார்கள்; எந்த வண்டியின் என்ஜின் என்று கேட்டபோது பேச்சு தேநீர் பக்கம் திரும்பியது.

அதனால் எங்கள் பிளாக்கையே புதுப்பிப்பது என்று முடிவெடுத்தோம். அந்த முடிவுக்கு இன்னொரு காரணம் அந்த என்ஜினின் பிறப்பு. 2523 சிசி கொள்ளளவை உடைத்துப் பார்த்தால் போரின் விட்டம் 88.9 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 101.6 மில்லிமீட்டர் என்று வரும். மில்லிமீட்டரில் பார்த்தால் ஒழுங்கற்றதாகத் தோன்றும் இந்த எண்கள், அங்குலத்தில் சரியாக மூன்றரையும் நான்கும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிராக்டர் என்ஜின் வழிவந்தது இது. 1963இல் மஹிந்திரா அந்த நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து இங்கே டிராக்டர் செய்யத் தொடங்கியபோது கூடவே வந்த வம்சம். பிக்கப்பின் பானெட்டுக்குள் உழவு மாடு உட்கார்ந்திருப்பது போலத்தான். வேகத்துக்கு ஆகாது, ஆனால் அதன் பாகங்கள் சிறிய ஊர் டிராக்டர் உதிரிபாகக் கடைகளின் அலமாரியில்கூடக் கிடைக்கும், அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளும் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கும். கணினியும் சென்சாரும் கொண்ட காமன் ரயில் என்ஜினாக இருந்திருந்தால் அறுபதாயிரம் என்ற எண்ணை நாங்கள் வாயெடுத்துச் சொல்லியே இருக்க மாட்டோம்.

என்ஜினைத் தூக்கும் செயின் பிளாக்கைப் புளியமரக் கிளையில் கட்டலாம் என்று நான் சொன்னதை அண்ணன் காதிலேயே வாங்கவில்லை; இரும்புக் குழாயில் முக்காலி அமைத்து இறக்கினோம். ஹெட்டைக் கழற்றியதும் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட் கருகியிருந்தது தெரிந்தது. ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புள்ள ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்தபோது 0.20 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபீலர் கேஜ் தகடு நடுவில் தாராளமாக நுழைந்தது. அதாவது ஹெட் வளைந்திருந்தது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள் என்று நினைக்கிறேன்: உடைந்ததை மாற்றுகிறார்கள், உடைத்ததைத் தேடுவதில்லை. எங்கள் ரேடியேட்டரின் மேல் தொட்டியைத் திறந்தபோது, நாட்பட்ட போர்வெல் தண்ணீர்ப் பானையின் அடியில் இருப்பது போல வெள்ளை உப்புப் பாறை அடைத்திருந்தது. குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு வழியாகத் தண்ணீரே இறங்கவில்லை. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் திரவம் என்பது கார்க்காரர்களின் ஆடம்பரம் என்று எண்ணித் தோட்டத்து மோட்டார் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றியது நாங்கள்தான். அதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?" என்று எப்போதோ யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் வெறும் வண்டியாக ஓடும்போது போதிய சூட்டுக்கே வருவதில்லை. குளிர்ந்த சுவரில் எரியாத டீசல் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டே இருக்கும், போர் வேகமாகத் தேயும். பைபாஸ் வழியை அடைக்க ஏதும் இல்லாமல் போனால், ஏற்றத்தில் சுமையோடு போகும்போது தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குள் சுற்றி வரும். தேய்மானம், கொதிப்பு என்று நாங்கள் தனித்தனியாக நினைத்த இரண்டு நோய்களுக்கும் சில நூறு ரூபாய்ப் பொருள் ஒன்று இல்லாமல் போனதில் பங்கு இருந்தது.

லேத் பட்டறையில் பெரியவர் ஒருவர் போர் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்காகவும் நெடுக்காகவும் அளந்தார். மேல் ரிங் திரும்பும் இடத்தில் கால் மில்லிமீட்டர் தேய்மானம். சிலிண்டருக்குள் இருக்கும் உறைகளான லைனர்களை மாற்றி, போர் போட்டு, உட்சுவரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் செய்யச் சொன்னார். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கை மைக்ரோமீட்டரில் அளந்துவிட்டு, "பத்து தௌ எடுத்தாப் போதும்யா, கிராங்க் தப்பிச்சிருச்சு" என்றார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்த தௌ. பத்து தௌ என்றால் கால் மில்லிமீட்டர். அளவுகோல்கள் மெட்ரிக்குக்கு மாறி எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்தப் பட்டறை அங்குலத்தில்தான் பேசுகிறது. மூன்றரைக்கு நான்கு என்ஜினுக்கு அதுதான் தாய்மொழியும்கூட.

செலவில் எங்கே கைவைப்பது என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் நிறைய விவாதம் நடந்தது. பிஸ்டன், ரிங், லைனர் செட்டில் மலிவானதைத் தேடவில்லை, 14,500 ரூபாய். டீசல் பம்பு, நாசில் வேலைக்கு 7,800 போனபோது எனக்கு வலித்தது. மைக்கோ நிறுவனத்தின் பெயர் 2008இலேயே பாஷ் என்று மாறிவிட்டாலும் எங்கள் பக்கத்தில் அது இன்னும் மைக்கோ பம்பு கடைதான். ஒழுகும் நாசில் புது பிஸ்டனின் தலையையே ஓட்டையாக்கிவிடும் என்பதால் அதில் மிச்சம் பிடிக்க முடியவில்லை. மிச்சம் பிடித்தது வேறு இடங்களில்: ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், ஃபிளைவீல் எல்லாம் பழையவையே. கனெக்டிங் ராடுகளைப் புதிதாக வாங்காமல் நேராக இருக்கின்றனவா என்று சோதித்து, புஷ் மட்டும் மாற்றினோம். ரேடியேட்டரையும் புதிதாக வாங்காமல், தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்தோம். 1,800 ரூபாயில் முடிந்தது. கழுவுவதும் துடைப்பதும் என் வேலை என்று கூலியில் பேசிக் குறைத்துக்கொண்டேன்.

அந்தக் கழுவும் வேலைதான் என்ஜினைக் காப்பாற்றியது என்று இப்போதும் நம்புகிறேன். பட்டறையிலிருந்து வந்த பிளாக் பளபளவென்று இருந்தது. அண்ணன் அதை நம்பாமல், ஆயில் போகும் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, பாட்டில் கழுவும் நீள பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொன்னார். முதல் பக்கெட் தண்ணீரின் அடியில் தங்கிய ஹோனிங் தூளை விரலால் தொட்டால் சாணைக்கல் மாவு போலச் சுரசுரத்தது. அப்படியே பூட்டியிருந்தால் முதல் மணி நேரத்திலேயே அது பேரிங்கைத் தின்றிருக்கும். மூன்றாவது முறைதான் வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டவில்லை.

அடுத்த கண்டம் பேரிங்கில் வந்தது. பத்து தௌ தேய்த்த தண்டுக்கு ஏற்ற, பத்து அண்டர்சைஸ் என்று அச்சிட்ட பெட்டியைக் கடைக்காரர் கொடுத்தார், வாங்கி வந்தேன். பூட்டுவதற்கு முன் அண்ணன் ஷெல்லை, அதாவது பேரிங்கின் அரைவட்டத் துண்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் இருபது என்று பொறித்திருந்தது. யாரோ திருப்பிக் கொடுத்த செட் பெட்டி மாறி உட்கார்ந்திருக்கிறது. மாற்றி வாங்கிய பிறகும் சும்மா விடாமல், இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் நூலை, கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னலின் மேல் வைத்து, டார்க் ரெஞ்சால் முறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அளந்தோம். தண்டின் விட்டம் ஓர் அங்குலத்துக்கு ஒரு தௌ இடைவெளி என்பது பட்டறைக்காரர்களின் பொதுக் கணக்கு. எங்களுடையது அதற்குள் அடங்கியது. ரிங்குகளை ஒவ்வொன்றாகப் போருக்குள் தள்ளி வாய் இடைவெளியையும் பார்த்தோம். 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டர் வரை இருந்தது, நல்ல அளவு. இதெல்லாம் சேர்ந்து ஒரு முழு நாளைத் தின்றது. அந்த நாளுக்குப் பணம் எதுவும் செலவாகவில்லை.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பு டீசலை நிறுத்திவிட்டு, ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டுச் சுழற்றினோம். பிறகு டீசலைத் திறந்ததும், ஒரு வெள்ளைப் புகைக் குமட்டலோடு பிடித்துக்கொண்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் பிரீதர் குழாயின் வாயில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். புது ரிங் போரில் படிவதற்குச் சுமை வேண்டும். நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் ஐடிலில் விட்டால் சிலிண்டர் சுவர் கண்ணாடி போல வழவழப்பாகி, ஆயில் குடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே மறுநாளிலிருந்தே அரைச்சுமையோடு, வேகத்தை ஏற்றி இறக்கி, பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இடையில் ஓட்டினோம். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, டாப்பெட் வைத்தோம், அதாவது வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்தோம்.

மொத்தம் 73,000 ரூபாய் ஆனது. கணக்குப் போட்டதைவிடப் பதின்மூன்றாயிரம் கூடுதல். அதில் பம்பு வேலையும், கியர்பாக்ஸை இறக்கிய பிறகுதான் முடிந்துவிட்டதென்று தெரிந்த கிளட்ச் பிளேட்டும் சேர்ந்தே 12,400. இதுவரை 11,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது; ஆயில் குச்சியில் இரண்டு மாற்றங்களுக்கு இடையே கால் லிட்டருக்கு மேல் குறைவதில்லை. பின்பக்கக் கிராங்க் சீலில் மட்டும் ஒரு சிறு கசிவு இருக்கிறது. பூட்டும்போது நான்தான் அதன் உதட்டைச் சற்று மடக்கிவிட்டேன் என்பது அண்ணனின் கட்சி. அதற்காக மட்டும் மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது வீண் கூலி என்பதால், அடுத்த கிளட்ச் வரைக்கும் வண்டி நிற்குமிடத்தில் ஓர் அட்டையை விரித்து வைத்திருக்கிறோம்.