மணலில் பதியாத கால்

திரையில் வரும் ராட்சத விலங்குகள் நிற்பதற்குத் தரை அமைத்துத் தருவது என் தொழில். பெங்களூரில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தின் மேட்ச்மூவ் பிரிவில் 11 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். வெளிநாட்டில் எங்கோ படம்பிடிக்கப்பட்ட காட்சித்துண்டு எங்களிடம் வந்து சேரும். அதை நாங்கள் ‘பிளேட்’ என்போம். அதை எடுத்த கேமரா எந்த உயரத்தில் இருந்தது, எந்த லென்ஸைத் தாங்கியிருந்தது, எந்த நொடியில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பவற்றையெல்லாம் ஃபிரேம் ஃபிரேமாகக் கணக்கிட்டு, அதே அசைவுள்ள ஒரு கேமராவையும் அதே மேடுபள்ளமுள்ள ஒரு நிலத்தையும் கணினிக்குள் எழுப்ப வேண்டும். அந்த நிலத்தின்மீதுதான் அனிமேட்டர் தன் விலங்கை நடக்கவிடுவார். என் கணக்கு இரண்டு பிக்சல் பிசகினாலும் விலங்கின் பாதம் வழுக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஆனால் அவர் அந்த விலங்கை நம்ப மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கற்பனை உலக வீடியோ கேமைத் தழுவி எடுக்கப்பட்ட திரைப்படத்தின் சில ஷாட்டுகள் எங்கள் குழுவுக்கு வந்தன. ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் படத்தின் பெயரை எழுத இயலாது. எனக்கு ஒதுக்கப்பட்ட ஷாட் 71 ஃபிரேம்கள் மட்டுமே கொண்டது, அதாவது மூன்று நொடிகூட முழுதாக இல்லை. பாலைவனம், ஒருவர் ஓடுகிறார், அவருக்குப் பின்னால் விலங்கு ஓரடி எடுத்து வைக்கிறது. அவ்வளவுதான். அந்த ஓரடிக்காக மூன்று முறை ரீடேக் வந்தது. மூன்றாம் முறை, எங்கள் சூப்பர்வைசர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். தஞ்சாவூர்க்காரர், அதிகம் பேசாதவர். “தம்பி, இது மணலுக்கு மேல நிக்கலை. மணலுக்கு முன்னால நிக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியம் பல நாள்கள் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நாள்களில் எனக்கு உதவிய ஆசான் என்று ஒன்றைச் சொல்வதானால், ‘மான்ஸ்டர் ஹன்டர்’ விளையாட்டையே சொல்வேன். ஒசாகாவைச் சேர்ந்த கேப்காம் நிறுவனம் 2004-இல் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக அதை முதலில் வெளியிட்டது. ஜப்பானில் அது பெரும் புகழ் பெற்றிருந்தபோதும், உலகெங்கும் வீடுதோறும் சென்று சேர்ந்தது 2018 ஜனவரியில் வந்த ‘மான்ஸ்டர் ஹன்டர்: வேர்ல்ட்’ மூலம்தான். நானும் அப்போதுதான் அதற்குள் நுழைந்தேன்.

அவ்விளையாட்டில் எதிரே நிற்கும் விலங்கின் உயிர் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் காட்டும் பட்டை திரையில் இருக்காது. அதன் உடலைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். வாயில் எச்சில் வடிந்தால் களைத்துவிட்டது. காலை இழுத்து நடந்தால் சாகும் நிலையை நெருங்கிவிட்டது. அப்போது அது தன் இருப்பிடம் தேடிச் சென்று உறங்கும். ஒவ்வொரு தாக்குதலுக்கும் முன்பாகத் தோளிலோ கழுத்திலோ வாலிலோ ஓர் அசைவு தெரியும். அதைப் படிக்கத் தெரியாதவன் அடிபடுவான். ஒரே விலங்கை இருபது முறை சந்தித்த பிறகு, நம் ஊரில் மாடு வளர்ப்பவர் தம் மாட்டின் காது அசைவைக் கொண்டே அது முட்டுமா முட்டாதா என்று சொல்வதுபோல, நமக்கும் அதன் குணம் பிடிபட்டுவிடுகிறது. அச்சத்தில் தொடங்கும் உறவு நெருங்கிய பழக்கமாக மாறுவதே இவ்விளையாட்டின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இதைத் திரைப்படமாக்குபவருக்கு முன்னிருக்கும் கடினமான வேலை, விலங்கின் தோற்றத்தைக் கொண்டுவருவதைவிட, மாதக்கணக்கில் விளைந்த அந்தப் பழக்கத்தை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படத்தில் கொண்டுவருவதுதான்.

அவ்விளையாட்டைத் தழுவி பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் எழுதி இயக்கிய ‘மான்ஸ்டர் ஹன்டர்’ திரைப்படம் 2020 டிசம்பரில் அமெரிக்காவிலும், 2021 பிப்ரவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியாவிலும் வெளியானது. நான் அதைத் தம்பியுடன் கோவையில் பார்த்தேன். அவன் பார்வை வேட்டைக்காரனுடையது. என் பார்வை தரை அமைப்பவனுடையது. மிலா ஜோவோவிச் அமெரிக்க ராணுவ அதிகாரி ஆர்ட்டெமிஸாகவும், தாய்லாந்தின் டோனி ஜா வேடனாகவும் நடித்திருந்தனர். கேப்டவுனிலும் நமீபியாவின் பாலை நிலத்திலும் 2018-இன் இறுதி மாதங்களில் படப்பிடிப்பு நடந்தது. விலங்குகளைப் படைக்கும் பணியை டொரன்டோவின் மிஸ்டர் எக்ஸ் நிறுவனம் முன்னின்று செய்தது.

உண்மையான பாலைவனத்துக்குச் சென்று படமெடுத்த அந்த முடிவை என் தொழிலில் இருப்பவர்கள் மதிப்பார்கள். அதன் விலையையும் அறிவார்கள். பச்சைத்துணிக்கு முன்னால் எடுத்த காட்சியில் ஒளியை நாம்தான் கற்பனை செய்ய வேண்டும். மணல்மேட்டில் நிற்கும் நடிகரின் தாடைக்கு அடியில் மணலிலிருந்து எகிறும் வெளிர் ஒளி தானாகவே வந்து விழும். அதே ஒளியை விலங்கின் அடிவயிற்றிலும் பூசிவிட்டால் இரண்டும் ஓரிடத்தில் நிற்பதாகக் கண் ஏற்றுக்கொள்ளும். ஆனால் மேட்ச்மூவ் செய்பவனுக்கு மணலைப்போல் தொல்லை தரும் நிலம் வேறில்லை. கட்டடத்துக்கு மூலை உண்டு, மரத்துக்குக் கிளைக்கணு உண்டு. மணல்மேட்டில் பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் கிடைக்காது. அடையாளக் குச்சிகளை நட்டால் பின்னர் அவற்றை ஃபிரேம் ஃபிரேமாக அழிக்க வேண்டும். காற்று ஒரு பக்கம் மேட்டின் முகட்டை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

படத்தில் என்னை மிகவும் நிறைவாக்கியது அதன் நடுப்பகுதி. ஆர்ட்டெமிஸும் வேடனும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல், சைகையாலும் முகக்குறிப்பாலும் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் மணற்பரப்பைக் கடக்க வேண்டும். மணலுக்குள் டயாப்லோஸ் என்னும் கொம்புள்ள ராட்சத விலங்கு பதுங்கியிருக்கிறது. பாறைமேல் நிற்கும்வரை ஆபத்தில்லை. மணலில் கால் வைத்தால் அது அறிந்துகொள்ளும். அதைக் கொல்ல நெர்சில்லா என்னும் ராட்சதச் சிலந்தியின் நஞ்சு வேண்டும். அந்தச் சிலந்திகளோ வெயிலுக்கு ஒதுங்கி இருளில் வாழ்பவை. ஒரு விலங்கை வென்று, அதன் உடலிலிருந்து எடுத்ததைக் கொண்டு அடுத்த விலங்கை எதிர்கொள்வதுதான் இந்த விளையாட்டின் முழுச் சுழற்சி. தோலை உரித்துக் கவசம் செய்வதும், கொம்பை அறுத்து வாள் செய்வதும் அங்கே அன்றாட வேலை. அதை விளக்க வசனம் எதையும் வைக்காமல், இரண்டு மனிதர்களின் தேவையாகவே அமைத்திருந்தார்கள். என் தம்பி இருட்டில் என் கையைத் தட்டி, “இதுதான் அண்ணா கேம்” என்றான்.

இந்த டயாப்லோஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விளையாட்டில் அது இறைச்சி தின்பதில்லை. கள்ளிச்செடியைத் தின்னும் தாவர உண்ணி. படத்தில் வருவது கறுப்பு டயாப்லோஸ். விளையாட்டின் கணக்குப்படி அது இனப்பெருக்கக் காலத்தில் நிறம் மாறிய பெண் விலங்கு. அதனால்தான் தன் எல்லைக்குள் எவரையும் பொறுக்காது. படத்தில் எந்தக் கதாபாத்திரமும் இதைச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டது சரியே. ஆயினும், தின்பதற்காக ஓடிவரும் விலங்கின் ஓட்டமும், வெளியேற்றுவதற்காக ஓடிவரும் விலங்கின் ஓட்டமும் வேறுவேறு. இரை தேடுவது கடைசிவரை துரத்தும். எல்லை காப்பது விரட்டிவிட்டு நிற்கும். இதை அனிமேட்டர் அறிந்திருந்தால் போதும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே அது ஓர் உயிராகத் தோன்றும்.

விளையாட்டின் உலகத்துக்குள் நம் உலகத்து ராணுவ வீரர்களைக் கொண்டுவந்து இறக்கியதற்காகப் பலர் வருந்தினார்கள். என் தம்பியும் அவர்களில் ஒருவன். நானும் பாதி அவர்கள் பக்கம்தான். வேடர்கள் கூடும் குடியிருப்பு, உலைக்களம், சமையல் செய்யும் பூனை, வேட்டைக்கு முன் உண்ணும் பெருவிருந்து என்று பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டி எழுப்பப்பட்ட ஓர் உலகம் அதனால் படத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. பூனைச் சமையல்காரர் வரும் சில நிமிடங்களில் அரங்கில் எழுந்த மகிழ்ச்சிக் குரல்களே, எதை இழந்தோம் என்பதைச் சொல்லின. ஆனால் தொழில்முறையில் அந்த முடிவுக்கு ஒரு நியாயம் இருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. விளையாட்டின் அளவுப்படி டயாப்லோஸ் 20 மீட்டருக்கும் மேல் நீளமுடையது. வெறும் மணலில் அதை நிறுத்தினால் அது பல்லியா மலையா என்று கண்ணால் அளக்க முடியாது. ஒரு ராணுவ ஜீப் எவ்வளவு உயரம் என்பது உலகில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஜீப்பைக் கொம்பு தூக்கி எறியும்போது அளவு ஒரே நொடியில் மனத்தில் பதிந்துவிடுகிறது. அளவுகோலாக ஒரு ஜீப் போதுமா, அதற்காக ஒரு படையே வர வேண்டுமா என்பதுதான் எங்கள் இருவருக்கும் இடையே இன்றும் தீராத வாதம்.

இழப்பு என்று நான் உண்மையில் எண்ணுவது படத்தொகுப்பில் இருக்கிறது. விளையாட்டில் கேமரா நம் கையில் இருப்பதால், விலங்கு தோளை இறக்குவதிலிருந்து பாய்ந்து முடிப்பதுவரை முழுமையாகப் பார்க்கிறோம். படத்தின் சண்டைகளில் அந்த ஒரே அசைவு மூன்று நான்கு துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. வேகம் கிடைக்கிறது, எடை போய்விடுகிறது. பொருள் ஒன்று 5 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். 20 மீட்டரிலிருந்து விழ இரண்டு நொடி ஆகும். திரையில் அது 24 ஃபிரேமுக்கும் 48 ஃபிரேமுக்கும் உள்ள வேறுபாடு. பெரிய உடலின் கால் இறங்குவதற்கு அந்த 48 ஃபிரேம்களும் வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும், ஆனால் அதைத் தாங்கும் காலின் குறுக்குவெட்டோ நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே பெரிய விலங்கு ஒவ்வோர் அடிக்கும் முன் தயங்க வேண்டும், உடலைச் சாய்த்து எடையை மாற்ற வேண்டும். அந்தத் தயக்கத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பெரிய உருவம் மட்டுமே.

6 கோடி டாலர் செலவில் உருவான அந்தப் படம், திரையரங்குகள் மூடிக்கிடந்த பெருந்தொற்றுக் காலத்தில் வந்ததாலும், சீனாவில் ஒரு வசனத்தால் எழுந்த எதிர்ப்பில் உடனே திரும்பப் பெறப்பட்டதாலும், போட்ட பணத்தை அரங்குகளில் எடுக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் மணல் துகள்வரை பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அவ்வளவு குறைவான பெரிய திரைகளைச் சென்றடைந்ததில் எனக்கு இன்றும் மனவருத்தம் உண்டு.

என் 71 ஃபிரேம்களுக்குத் திரும்புகிறேன். தவறு இரண்டு இடங்களில் இருந்தது. படப்பிடிப்புத் தளத்தை லேசர் கருவியால் அளந்து எங்களுக்குத் தந்திருந்த நிலவடிவத்தை நான் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருந்தேன். தளத்தில் எடுத்த நிழற்படங்களை நேர வரிசையில் அடுக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது: அளவெடுத்த நேரத்தில் இருந்த முகடு, ஷாட் எடுத்த நேரத்தில் அங்கே இல்லை. காற்று அதை நகர்த்தியிருந்தது. நடிகரின் முந்தைய டேக் காலடிகள் பாதி மூடிக் கிடந்த விதமே அதற்குச் சாட்சி. அந்தக் காலடிகளையே புள்ளிகளாகப் பிடித்து நிலத்தைப் புதிதாக எழுப்பினேன். இன்னொரு தவறு என்னுடையதன்று. அனிமேட்டர் அமைத்த அடி வேகமாக இறங்கியது. அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. கடைசியில் ஒரு மாலை அவரை அழைத்து உட்காரவைத்து, டயாப்லோஸின் நடையை விளையாட்டில் காட்டினேன். சண்டையிடாமல், தொலைவில் புதரோரம் நின்று, அது நடப்பதை மட்டும் இருவரும் அரை மணி நேரம் பார்த்தோம். மறுநாள் அவர் அடியை 9 ஃபிரேம்கள் தாமதப்படுத்தியிருந்தார். சூப்பர்வைசர் ஷாட்டை ஒரு முறைதான் ஓடவிட்டார்.

இப்போது என் குழுவில் புதிதாகச் சேர்பவர்களை முதல் வாரத்தில் அப்படித்தான் உட்காரவைக்கிறேன்; ஆயுதத்தைத் தொடாமல் பார்க்க மட்டும் சொல்கிறேன். சென்ற மாதம் வந்த பெண் ஒரு மணி நேரம் குறிப்பெடுத்தார். அவருடைய நோட்டில் விலங்கைப் பற்றி இரண்டு வரிகள்தான் இருந்தன. மீதிப் பக்கம் முழுவதும், அது மணலுக்குள் ஓடும்போது மேலே எழும் புழுதி எந்தப் பக்கம் சரிகிறது, எவ்வளவு நேரம் கழித்து அடங்குகிறது என்று எழுதியிருந்தார்.