அப்பாவின் ஹைலக்ஸுக்குள் இருந்த மலைத் தண்ணீர்

ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்ததும் செங்காவி கரைத்த மாதிரி ஒரு தண்ணீர் வாளியில் விழுந்தது. கொஞ்ச நேரம் தெளியவிட்டு மேலே நின்றதைச் சாய்த்துக் கொட்டினேன். அடியில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குச் சேறு. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. துரு மாவு போல இருக்கும், இப்படி நறநறக்காது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இது டாவ்னா மலை மண்ணுடா" என்றார்.

மியான்மரின் மோல்மேனிலிருந்து தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியாவடிக்கு அப்பா இந்த ஹைலக்ஸ் பிக்கப்பில்தான் சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். 2015இல் புதுச் சாலை திறக்கும் வரைக்கும் டாவ்னா மலையைக் கடக்க ஒற்றை வண்டி போகிற பழைய பாதைதான். ஒரு நாள் மியாவடிக்குப் போகிற வண்டிகள், மறுநாள் அங்கிருந்து வருகிற வண்டிகள். ஏற்றத்தில் ஒரு வண்டி கொதித்து நின்றுவிட்டால் பின்னால் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டும். அதனால் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியதுமே ஓரம் கட்டி, ஆறவிட்டு, பக்கத்து ஓடையில் கேனை முக்கி ஊற்றிக்கொண்டு கிளம்புவார்கள். 2014இல் ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அந்தத் தெளிவை நம்பித்தான் எல்லோரும் ஊற்றினார்கள். அதில் இருந்த சுண்ணாம்பும் பொடிமணலும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. நடு மலையில் வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினோம் பாருங்கள், அதுதான் தப்பு. "இங்கே பனியா விழுகிறது, கூலன்ட் எதற்கு?" என்று எங்கள் தெருவில் இன்றைக்கும் கேட்கிறார்கள். பனிக்காக இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற இந்தக் கூலன்ட் திரவத்தில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து இருக்கிறது. அப்புறம், அது தண்ணீரின் கொதிநிலையை உயர்த்துகிறது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் 107க்கு மேல் போகும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று ஓர் எண் பொறித்திருக்கும், அது மூடி தாங்கிப் பிடிக்கிற அழுத்தம். அந்த அழுத்தத்தில் இன்னும் ஏறத்தாழ 20 டிகிரி கூடுதலாகக் கிடைக்கிறது. 2024 ஏப்ரல் 28இல் சவுக் நகரில் 48.2 டிகிரி வெயில் பதிவான நாடு இது. பனி நாட்டுக்காரனைவிட நமக்குத்தான் கூலன்ட் அதிகம் தேவை.

எங்கள் வண்டியில் இருப்பது 2.8 லிட்டர் 3எல் டீசல் இன்ஜின். போன மாதம் முடோன் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு வரும்போது முள் பாதியைத் தாண்டி நின்றது. ரேடியேட்டரையே மாற்றச் சொன்னார்கள். அதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்தேன். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, உள்ளே விடாமல் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை உருவி, ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தாலும், சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டியதுதான், வீட்டில் கழுவிப் பிரயோஜனமில்லை. எங்களுக்கு இரண்டும் இல்லை. சரி, கழுவிப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். என் சித்தப்பாவின் வலது முன்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான்.

ரேடியேட்டரின் திருகைத் திறந்தால் பாதி வேலைதான் முடிகிறது. பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு போல்ட் உண்டு, அதைக் கழற்றாவிட்டால் சிலிண்டர்களைச் சுற்றி நிற்கிற பழைய தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். எங்கள் வண்டியில் அதை யாரும் தொட்டதே இல்லை போல. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மூன்றாம் நாள் திருகினேன். போல்ட் வந்தது, தண்ணீர் வரவில்லை. சேறு அடைத்திருந்தது. கம்பியை விட்டுக் குத்தியதும் கெட்டியாக ஒரு கட்டி விழுந்து, அதன் பின்னால் கறுப்பாகப் பீறிட்டது. என் வண்டி ஏன் சூடானது என்று அப்போதுதான் புரிந்தது.

அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது எதற்கு? புளியின் அமிலம் பித்தளை மேல் ஏறிய களிம்பைக் கரைக்கிறது. பழைய ரேடியேட்டரும் செம்பும் பித்தளையும்தான். ஆனால் புளியையே ஊற்ற முடியாது, சக்கை போய் அடைத்துக்கொள்ளும். சிட்ரிக் ஆசிட் தூள் வாங்கினேன், எலுமிச்சையில் இருக்கும் அதே அமிலம். லிட்டருக்கு 50 கிராம் கணக்கில், ஒன்பது லிட்டர் பிடிக்கிற எங்கள் வண்டிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. வெந்நீரில் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டு, தொடக்கூடிய சூட்டுக்கு ஆறியதும் இறக்கிவிட்டேன். அலுமினிய ரேடியேட்டர் என்றால் இவ்வளவு காரமாகவும் இவ்வளவு நேரமும் வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பழைய ரேடியேட்டரில் சில ஓட்டைகளைக் களிம்பே அடைத்துக்கொண்டிருக்கும், கழுவினால் அவை திறந்துகொள்ளலாம். அப்படிக் கசிந்தால், எப்படியும் நடுரோட்டில் கசிந்திருக்க வேண்டியது வீட்டிலேயே தெரிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அமிலத்தை இறக்கிய பிறகு அலசல். ஹீட்டர் நெம்புகோலை முழுச் சூட்டில் வைத்துவிட்டு அலசுங்கள். எங்கள் ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, அதனாலேயே அதன் குழாய்க்குள் வருஷக்கணக்கான கசடு நிற்கும். ஓர் அலசலில் ஒரு கரண்டி ஆப்பசோடா கலந்தால் மிச்ச அமிலம் முறிந்துவிடும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெயிலுக்கு நேரே வைத்துப் பார்த்தேன். ஏழாவது அலசலில் தேநீர் நிறம். பதினொன்றாவதில்தான் பாட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்த வாழைமரம் தெளிவாகத் தெரிந்தது. கடைசி இரண்டு அலசலுக்கும் குடிதண்ணீர் கேன்.

நடுவில், சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எடுக்கலாம் என்று அதன் கூட்டைத் திறந்தால் உள்ளே காலி! என்றைக்கோ ஒரு பட்டறையில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். வெயில் ஊருக்கு இது வேண்டாம் என்று சொல்லும் சயாக்கள், அதாவது மெக்கானிக்குகள், நிறைய. அவர்கள் கைவேலை மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், டீசல் கூடக் குடிக்கும், தேய்மானமும் அதிகம். பைபாஸ் வழி உள்ள இன்ஜின்களில் சூடு ஏறியதும் அந்தக் குறுக்கு வழியை அடைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்ச்சிக்காகக் கழற்றியதே பாரம் ஏற்றும்போது சூட்டைக் கூட்டிவிடும்.

புதிதாக ஒன்று வாங்கினேன், 82 என்று பொறித்தது, அது திறக்கத் தொடங்கும் சூடு. மாட்டுவதற்கு முன் சோதித்தேன். பழைய ஈயப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாதபடி நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரையும் உள்ளே விட்டு, கரியடுப்பில் ஏற்றினேன். 80 வரைக்கும் அசைவில்லை. 83இல் நடுத்தட்டு ஒரு மயிரிழை விலகியது. அதன் வழியாக ஒரு சின்னக் குமிழ் மேலே வந்தது. 90ஐத் தாண்டியதும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் திறந்துவிட்டது. இறக்கி வைத்ததும் மெதுவாக மூடிக்கொண்டது. என் மகள் மறுபடியும் சூடாக்கச் சொன்னாள், இரண்டு தடவை செய்தோம். விளிம்பில் ஆடுகிற சின்ன முள் ஒன்று இருக்கும், அது காற்று வெளியேறும் வழி. மாட்டும்போது அது உச்சியில் வர வேண்டும்.

எவ்வளவு வடித்தாலும் அலசிய தண்ணீர் கொஞ்சம் உள்ளே நிற்கும். அதனால் கலக்காத கூலன்ட்டை முதலில் நாலரை லிட்டர் ஊற்றிவிட்டு, மிச்சத்துக்கு பேட்டரித் தண்ணீர் விட்டேன். அப்போதுதான் பாதிக்குப் பாதி சரியாக வரும். வண்டியின் முகம் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, மூடி இல்லாமல் ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். ஹோஸ் திடீரென்று சூடாகும், அப்போது தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. மட்டம் சட்டென்று இறங்கும், ஊற்றி மூடிவிடலாம். மூடியும் புதிதாக மாற்றினேன், பழையதன் ரப்பர் வெடித்திருந்தது.

கூலன்ட் இனிக்கும், ஆனால் அது விஷம். தெருநாய் ஒன்று வாளிப் பக்கம் மோந்துகொண்டு வந்ததைப் பார்த்து எனக்குப் பதறிவிட்டது. சிந்தியதை உடனே கழுவுங்கள். நாளைக்கு வடிக்கும் பழைய கூலன்ட்டையும் குளத்திலோ சாக்கடையிலோ விடாமல் மூடிய கேனில் வையுங்கள்.

மறுநாள் முடோன் வரை அதே பாரத்தோடு போய் வந்தேன். முள் பாதிக்குக் கீழே நின்றது, ஏற்றத்திலும் அசையவில்லை. இன்று காலை ரிசர்வ் டாங்கில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது, அது கடைசிக் காற்று போன இடம். நிரப்பினேன். அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். சிவப்பு கூலன்ட்டுக்கு அடியில் குழாய்களின் வாய் வரிசையாகத் தெரிந்தது. விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.