மஞ்சள் தாளில் சிவப்புக் கோடுகள்

விடுமுறையில் பிள்ளைகளுக்குப் புதிய வண்ணப்பெட்டி வாங்கும் முன், அடுக்களையிலுள்ள மஞ்சள்தூளைக் கொடுத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதாமல் மிஞ்சிய தாளில் மஞ்சள் நீரைப் பூசி நன்றாக உலரவிட்டு, சமையல் சோடா கரைத்த நீரில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் வரையச் சொன்னால், கோடு செல்லும் வழியெல்லாம் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், சமையல் சோடா போன்ற காரப்பொருள் (அமிலத்துக்கு எதிரானது) பட்டால் நிறம் மாறும் இயல்புடையது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்ததும் ஆரத்தி நீர் சிவப்பதும் இதனால்தான். எலுமிச்சைச் சாறு தொட்ட இடம் மீண்டும் மஞ்சளாகும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! சுண்ணாம்பு இன்னும் ஆழ்ந்த சிவப்பைத் தரும் என்றாலும், கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளைவிக்கும் என்பதால் அதைச் சிறுவர் கையில் கொடுக்கவே கூடாது. குறுக்கே நறுக்கிய வெண்டைக்காயை அச்சாகப் பதித்தால் பூக்களும் கிடைக்கும். மஞ்சள் கறை துணியிலிருந்து எளிதில் போகாது என்பதால், பழைய சட்டையை அணிவித்துவிட்டுத் தொடங்குங்கள்.