வலது பக்கம், இடது பக்கம்

2024 மே 5, ஞாயிறு

நேற்று கத்திரி தொடங்கிவிட்டது. தாம்பரத்தில் அக்கா வீட்டு மாடி அறையில், முதுகுக்கு மூன்று தலையணை அண்டக்கொடுத்துச் சாய்ந்திருக்கிறேன். மல்லாந்து படுக்கக் கூடாது, ஒருக்களிக்கவே கூடாது. மார்பைச் சுற்றி இறுக்கமான மருத்துவ உள்ளாடை, உள்ளே ஓயாத வியர்வை. பழைய மல் வேட்டியைக் கிழித்து மடித்து, தோலுக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவே மணிக்கொரு முறை அக்கா செருகிவிடுகிறாள்.

வியாழக்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் மதுரையிலிருந்து கிளம்பினேன். என் வலது மார்பு இடதில் பாதிதான் வளர்ந்தது. நோய் எதுவும் இல்லை, உடலின் அமைப்பு அப்படி. வயதுக்கு வந்த நாளிலிருந்து தையற்கார அக்கா என் ரவிக்கைகளின் வலது பக்கத்தில் மட்டும் இரண்டு மடிப்புப் பஞ்சு வைத்துத் தைத்துத் தருகிறார். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த பிறகு வித்தியாசம் இன்னும் கூடியது. பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியை. தலைப்பைச் சரிசெய்யாமல் ஒருநாளும் வகுப்பைப் பார்த்துத் திரும்பியதில்லை.

இப்போது வலதில் 275 சி.சி. (மில்லிலிட்டர்), இடதில் 150 சி.சி. கொள்ளளவுள்ள இம்பிளாண்ட்கள், அதாவது செயற்கை மார்புப் பைகள். இரண்டும் சிலிக்கோன் ஜெல் அடைத்த, வழவழப்பான, வட்டமான வகை; மார்புத் தசைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். சொரசொரப்பான வகை திசுவைப் பற்றிக்கொண்டு அதிகம் நகராமல் இருக்குமாம். ஆனால் அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோயுடன் தொடர்பு தெரியவந்ததால் 2019 ஜூலையில் அலர்கன் (Allergan) நிறுவனம் தன்னுடைய அத்தகைய இம்பிளாண்ட்களை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதைப் படித்துவிட்டுத்தான் வழவழப்பானது போதும் என்று நானே கேட்டேன்.

2024 மே 10, வெள்ளி

இன்று கட்டைப் பிரித்தார்கள். கண்ணாடி முன் நின்றதும் கால் தளர்ந்துவிட்டது. இடது பக்கம் ஓரளவு மார்பு போல இருக்கிறது. வலது பக்கமோ கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, பாதித் தேங்காயைக் கவிழ்த்து வைத்ததுபோல் உயர்ந்து உருண்டு நிற்கிறது. கீழ்ப்பகுதி தட்டையாக, காலியாக இருக்கிறது. காம்பு தரையைப் பார்க்கிறது.

மருத்துவர் அறுவை அரங்கில் இருந்ததால் உதவி மருத்துவர்தான் பேசினார். "தசை இறுகிப் பிடித்திருக்கிறது அம்மா. தளரத் தளரக் கீழே இறங்கும். மூன்று மாதமாவது ஆகும்." குழந்தை முகம் அவருக்கு. நம்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

2024 மே 24, வெள்ளி

மதுரைக்கு வந்து பத்து நாளாகிறது. அத்தையிடம் மார்பில் கட்டி, எடுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறோம். அவர் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தடியில் வைத்திருக்கிறார். பூஜை அறைக்குள் போகும்போதெல்லாம் அந்த முடிப்பைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை கண்ணாடி பார்க்கிறேன் என்று இன்று எண்ணினேன். பதினேழு. காலையில் வலது பக்கம் கல்லாக இருக்கிறது, மாலையில் கொஞ்சம் இளகுகிறது. அவ்வளவுதான் மாற்றம். இம்பிளாண்டைச் சுற்றி உடல் தானாகவே ஒரு மெல்லிய உறையைக் கட்டிக்கொள்ளும்; சிலருக்கு அந்த உறை சுருங்கி இம்பிளாண்டை நெரித்து மேலே தூக்கிவிடும் என்று படித்தேன். எனக்கும் அதுதானோ என்று நேற்றிரவு தூக்கமே இல்லை. படம் எடுத்து மருத்துவமனை எண்ணுக்கு அனுப்பினேன். "எல்லாம் இயல்புதான், காத்திருங்கள்" என்று பதில் வந்தது. உண்மையாகவே இருக்கட்டும். ஏன் இயல்பு, எதுவரை இயல்பு, எதைக் கண்டால் ஓடி வர வேண்டும் என்று இன்னும் நான்கு வரி எழுதியிருந்தால் எனக்கு ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

கணவரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு வித்தியாசம் தெரியவில்லையே" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

2024 ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஆறு வாரம் முடியும்வரை கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "மிஸ், மறைக்கிறது" என்றான். அவன் மேல் தவறில்லை. அவனை முன்னால் வந்து உட்காரச் சொன்னேன்.

2024 ஜூன் 22, சனி

வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போய், மருத்துவரைப் பார்த்துவிட்டு, இரவு ரயிலில் திரும்பிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன், பதினொன்று. அத்தனைக்கும் பதில் கிடைக்கும்வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை என்ற முடிவோடு.

அவரும் பொறுமையாகவே சொன்னார். டேப்பை எடுத்து அளந்தார். காம்பிலிருந்து மார்பின் கீழ்மடிப்பு வரை இடது பக்கம் 7 செ.மீ. இருக்க வேண்டும் என்று திட்டமிட்டாராம், 7.4 இருக்கிறது. வலது பக்கம் பிறவியிலேயே மடிப்பு மேலே இருந்ததால் அதை விடுவித்துக் கீழே இறக்கி வைத்திருக்கிறார். அந்தப் புதிய மடிப்புக்கு இம்பிளாண்ட் இன்னும் வந்து சேரவில்லை, இரண்டு விரல் தூரம் பாக்கி. தோல் ஒருநாளும் விரிந்திராத பக்கம், இம்பிளாண்டும் பெரியது, போதாததற்கு வலது கைப் பழக்கம். "பலகையில் எழுதும் கை உங்களுடையது. அந்தத் தசை சும்மா விட்டுக்கொடுக்காது" என்றார்.

உறை சுருக்கமா என்று கேட்டேன். என் விரலையே வைத்து அழுத்தச் சொன்னார். மேற்பகுதி இறுக்கம், ஆனால் விரல் உள்ளே போகிறது. உள்ளங்கையால் தள்ளினால் கீழே நகர்கிறது. உறை சுருங்கினால் நாளுக்கு நாள் கெட்டியாகும், தள்ளினாலும் நகராது, வலிக்கவும் செய்யலாம் என்றார். இதை மே மாதமே ஒருவர் சொல்லித் தந்திருக்கலாம். மார்பின் மேற்புறமாகக் கட்ட அகலமான எலாஸ்டிக் பட்டை ஒன்று தந்தார். காலையும் மாலையும் பத்து பத்து முறை உள்ளங்கையால் கீழ்நோக்கி அழுத்த வேண்டும், வலதில் மட்டும். திடீரென்று ஒரு பக்கம் வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே வர வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., அதன் பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. இம்பிளாண்ட் எண் எழுதிய அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்.

ரயிலில் உட்கார்ந்து யோசிக்கும்போது 2018 நினைவுக்கு வருகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்கு இந்தச் சிகிச்சையை இலவசமாகத் தரப்போவதாக அப்போது அறிவித்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் செய்தித்தாளை விரித்துவைத்துச் சிரித்தவர்கள் உண்டு. நானும் அந்த அறையில்தான் இருந்தேன், பஞ்சு வைத்த ரவிக்கையோடு. ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது, வாய் திறந்து கேட்கலாம் என்று எனக்கு முதலில் தெரிந்தது அந்தச் செய்தியால்தான்.

2024 ஜூலை 13, சனி

இறங்குகிறது! ஒரு விரல் தூரம். காம்பு நேராகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. திடீர் திடீரென்று ஊசி குத்துவது போல் மின்னி மறையும் வலி உண்டு, நரம்பு விழித்துக்கொள்கிறதாம். கண்ணாடியை நாளுக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் ஒரே சுவர், ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுக்கிறேன். மனக்கண்ணை நம்பியிருந்தால் ஒன்றுமே மாறவில்லை என்றுதான் எழுதியிருப்பேன்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

குளிக்கும்போது இடது பக்கத்துத் தழும்பு விரலில் தட்டுப்பட்டது. நான்கு செ.மீ. நீளக் கோடு. சரியாகக் கீழ்மடிப்பில் ஒளிந்திருந்ததால் முன்பெல்லாம் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இன்று தூக்காமலே தெரிகிறது. மடிப்பை விட்டு ஒரு விரல் மேலே ஏறி, மார்பின் மேலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் படங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். தழும்பு ஏறவில்லை, இம்பிளாண்ட்தான் மடிப்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறது. ஜூன் கடைசிப் படத்திலேயே லேசாகத் தெரிகிறது. மூன்று மாதமாக வலது பக்கத்தையே பார்த்துப் பார்த்து அழுதேன். இடது பக்கத்தை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

2024 ஆகஸ்ட் 17, சனி

இடது பக்கம், காம்பிலிருந்து மடிப்பு வரை 8.8 செ.மீ. டேப்பில் அந்த எண்ணைப் பார்த்ததும் மருத்துவர் சிறிது நேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை மதிக்கிறேன். இயல்புதான் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை.

தசை இம்பிளாண்டின் மேல்பகுதியைத்தான் மூடுகிறது. கீழ்ப்பகுதியைத் தாங்குவது வெறும் தோலும் மடிப்பும். பால் கொடுத்து விரிந்து மெலிந்த பக்கம் அது. வழவழப்பான இம்பிளாண்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது. இனி இரவும் பகலும் கீழிருந்து தாங்கும் கம்பி வைத்த உள்ளாடை. இடது பக்கத்தை அழுத்தவே கூடாது. நவம்பரில் மீண்டும் அளந்து, சரியாகவில்லை என்றால் உள்ளே இருக்கும் உறையைத் தையல் போட்டு மடிப்பை மேலே தூக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகும்வரை அந்த உறைக்குத் தையலைத் தாங்கும் வலு போதாது என்றார்.

மறுபடி செய்தால் பணம் யார் தருவது என்று கேட்டேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனாலும் கேட்டேன். தனக்குக் கட்டணம் வேண்டாம், அரங்கச் செலவும் மயக்க மருந்துச் செலவும் என்னுடையது என்றார். எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். முதல் முறை கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டிருக்க வேண்டும். இதற்குப் போகிற யாராக இருந்தாலும் கேளுங்கள்.

2024 நவம்பர் 10, ஞாயிறு

நேற்று சென்னை. வலது பக்கம் தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. இடது 9. மேலும் இறங்காமல் நின்றுவிட்டது, மேலே ஏறவும் இல்லை. தையல் போடத்தான் வேண்டும். அரையாண்டு விடுமுறையில் நாள் குறித்தோம்.

மறுபடியும் கட்டி என்று அத்தையிடம் சொல்ல என்னால் முடியவில்லை. இன்று மதியம் அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிறவியிலிருந்தது, மே மாதம் செய்தது, இப்போது இறங்கியது. அவர் கை நிற்கவில்லை. தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தார்.

"பதினொரு வருடமாக உன் ரவிக்கையைக் கொடியில் போடுகிறவள் நான்தானே அம்மா" என்றார் கடைசியில். "வலது பக்கம் மட்டும் சாயங்காலம் வரை ஈரமாகவே இருக்கும்."

பிறகு எந்தத் தேதி என்று கேட்டார். சொன்னேன். "மார்கழியாயிற்றே. கோலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ குனியாதே" என்று சொல்லிவிட்டுக் கீரையை அலச எழுந்து போனார்.