நாலு புள்ளி

போன மாசம் எங்க வீட்ல ஓடினது பாப்பா தூக்கப் பிரச்சனை இல்ல, டயப்பர் பிரச்சனை இல்ல, கையெழுத்துப் பிரச்சனை.

அமெரிக்காவுக்கு எங்ககிட்ட வந்திருக்கிற அப்பா அம்மாவோட ஐ-94, அதான் இங்க எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம்னு சொல்ற பதிவு, முடிய இன்னும் மூணு மாசம் இருந்துச்சு. கடைசி நேரம் வரைக்கும் இருக்காம 45 நாளாவது முன்னாடி அப்ளை பண்ணுங்கனு குடியேற்ற ஆபீஸான யூஎஸ்சிஐஎஸ்ஸே சொல்லுது, நம்மளப் பத்தி அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு போல, சரினு தங்குற நாளை நீட்டிக்கக் கேக்குற ஐ-539 ஃபார்மை எடுத்துக்கிட்டு உக்காந்தேன். ஆன்லைன்ல போட்டா 420 டாலர், பேப்பர்ல போட்டா 470. எவனாவது 50 டாலர் கூடக் குடுத்துப் பேப்பர்ல போடுவானா? நான் போட்டேன். ஏன்னா ஆன்லைன்ல கையெழுத்து இடத்துல பேரை டைப் அடிச்சா போதும்னு சொன்னதும் அப்பா கண்ணாடியைக் கழட்டிட்டாரு. அவரு கண்ணாடியைக் கழட்டினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். "டைப் அடிச்சா அது பேருடா. கையெழுத்து எங்க?" முப்பது வருஷம் கூட்டுறவு சங்கத்துல பேரேட்டோட குடும்பம் நடத்தின மனுஷன்கிட்ட இதுக்கு மேல என்னத்தப் பேச.

ஆனா அந்தக் கையெழுத்து இருக்கே. என் ரேங்க் கார்டுல பாத்தவங்க இன்னும் மறந்திருக்க மாட்டீங்க. வேலைக்குச் சேந்த புதுசுல முழுப் பேரா இருந்துச்சாம். நகைக்கடன், பயிர்க்கடன், உர மூட்டைனு நாள் முழுக்கப் போட்டுப் போட்டுத் தேஞ்சு, நான் காலேஜ் போறப்ப ஒரு சுழியும் ஒரு வாலுமா நின்னுச்சு, ரிட்டயர் ஆனப்ப வாலு மட்டும்தான் மிச்சம். பேனா எழுதுதானு பாக்கக் கிறுக்குவோம்ல, அதான் எங்கப்பா.

அம்மா நேரெதிர். வருஷத்துக்கு ரெண்டு மூணு கையெழுத்துப் போட்டாலே அதிகம், அதனால ஒண்ணு கூடத் தேயல. பேரு ஆறெழுத்து, எல்லாம் தமிழ், அதுல மூணு மெய்யெழுத்து, இனிஷியலுக்கு ஒண்ணு, ஆக மொத்தம் நாலு புள்ளி. நாலும் கடைசியிலதான் வைக்கும். எழுத்தெல்லாம் முடிச்சுட்டு, தள்ளி நின்னு பாத்துட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா. கோலத்துக்குப் புள்ளி முதல்ல வைக்கிற பொம்பள கையெழுத்துக்கு மட்டும் ஏன் கடைசியில வைக்குதுனு நானும் கேட்டுப் பாத்துட்டேன், பதில் இல்ல.

இந்த ரெண்டு கையெழுத்தையும் அமெரிக்கா ஒத்துக்குமா?

கேக்காமலே ஆலோசனை வந்துச்சு. மேல் வீட்டு ஆன்ட்டி, இங்கிலீஷ்ல போடலைனா ரிஜெக்ட்தான், எங்க சம்பந்திக்கே ஆச்சுனாங்க. எந்தச் சம்பந்தி, எப்போனு கேட்டா பேச்சு பருப்புப் பொடிக்குப் போயிடுச்சு. ஆபீஸ்ல ஒருத்தன் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரி அச்சு அசலா இருக்கணும், ஸ்கேல் வச்சுப் பாப்பாங்கனான். மச்சான் சென்னையிலேர்ந்து நாலு நிமிஷ வாய்ஸ் மெசேஜ்: "போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா, நான் அப்படியே வெட்டி ஃபார்ம்ல ஒட்டித் தரேன்." இவனுக்குத்தான் எங்க வீட்ல எதிர்காலம் இருக்குனு பேசிக்கிறாங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கையில பால் பாட்டில், இன்னொரு கையில போன், யூஎஸ்சிஐஎஸ்ஸோட பாலிசி மேனுவலைப் படிச்சேன். ஆச்சரியமா இருந்துச்சு. கையால போட்ட எந்தக் குறியும் கையெழுத்துதானாம். படிக்கிற மாதிரி இருக்கணும்னு இல்ல, இங்கிலீஷ்ல இருக்கணும்னு இல்ல, வழக்கமா சுருக்கித்தான் போடுவேன்னா சுருக்கியே போடலாம், அட, வெறும் எக்ஸ் போட்டாக் கூட செல்லும். பேப்பர் ஃபார்ம்ல ஆகாதது டைப் அடிச்ச பேரு, ரப்பர் ஸ்டாம்பு, மெஷின் போடுற கையெழுத்து. ஸ்கேனும் ஓகேதான், கொரோனாவுக்காக 2020 மார்ச்ல ஆரம்பிச்சதை 2022ல நிரந்தரமாவே ஆக்கிட்டாங்க, ஆனா அந்தக் காகிதத்துலயே கையால போட்டதோட ஸ்கேனா இருக்கணும், மச்சானோட கத்தரிக்கோல் வேலையெல்லாம் ஆகாது. இந்த நாட்டுல இவ்ளோ தாராளமா இருக்கிற ஒரே சட்டம் இதுதான்னு நெனைக்கிறேன். பேரு விஷயத்துல இந்த தாராளம் கிடையாது, பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லைனு அம்மாவுக்கு முதல் பேரே எஃப்என்யூனு (ஃபர்ஸ்ட் நேம் அன்நோன், முதல் பேரு தெரியாதுனு அர்த்தம்) விசாவுல அடிச்சு வச்சிருக்காங்க, ஒரு கிளினிக்ல "ஃப்னூ, ஃப்னூ"னு கூப்பிட்டுட்டே இருந்தாங்க, நாங்களும் பாவம் யாரோ சீனாக்காரங்கனு உக்காந்திருந்தோம்.

காலையில தோசைக்கு நடுவுல தீர்ப்பைப் படிச்சேன். அப்பாவுக்குத் தலைகால் புரியல. அதோட விட்டிருக்கலாம், ஜாக் லூ கதையையும் சொல்லித் தொலைச்சேன். ஒபாமா 2013ல நிதியமைச்சராப் போட்டாரே, அவரு கையெழுத்து வெறும் சுழி சுழியா ஜாங்கிரி மாதிரி இருக்கும், டாலர் நோட்டுல இதையா அச்சடிக்கப் போறீங்கனு ஊரே சிரிச்சுது, ஒரு எழுத்தாவது புரியற மாதிரி போடுறேன்னு வாக்கு குடுத்திருக்காருனு ஒபாமாவே கிண்டல் பண்ணாரு, கடைசியில மனுஷன் நோட்டுக்குனு கையெழுத்தையே மாத்திக்கிட்டாரு. அப்பா போன்ல அந்தப் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "எனக்கு மேல இருக்கான்டா"னு அம்மாகிட்டக் கொண்டுபோய்க் காட்டினாரு. மாத்திக்கிட்ட கதையை மட்டும் சொல்லல.

அம்மா அதைப் பாக்கவே இல்ல. "எக்ஸ்னா? தப்புனு போடுவாங்களே, அதுவா?"

"ஆமாம்மா. சும்மா சொன்னேன், நீ பேரே போடு."

"தப்புக்குப் போடுறத நான் எதுக்குப் போடணும்?"

போடச் சொல்லலம்மானு நாலு தடவை சொல்லியும் அன்னிக்கு முழுக்க மூஞ்சி சரியில்ல. தப்பு என்னோடதுதான். 1991ல புதுக்கோட்டையில பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கம் நடந்தப்ப அம்மா மடியில உக்காந்திருந்தவன் நான், நாலு வயசு, அரிக்கேன் விளக்கு புகையில தூங்கி வழிஞ்சிருக்கேன். அதுக்கு முன்னாடி அம்மா கைநாட்டு. அதுவும் எங்க? அப்பா சங்கத்துலயே, நகைக்கடனுக்கு. அப்பா கையால மைப்பெட்டியை நகத்தி வைக்க, அம்மா விரலை உருட்டிட்டு, மையைத் தலைமுடியில துடைச்சுக்கிட்டு விறுவிறுனு வெளிய வந்துருமாம். அந்த வருஷம்தான் சைக்கிளும் கத்துக்கிச்சு. அடுத்த தடவை நகையை மீட்கப் போறப்ப அப்பா பழக்க தோஷத்துல மைப்பெட்டியை நீட்டினாராம், "பேனா குடுங்க"ன்னுச்சாம். இதை அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கேன், அம்மா சொன்னதில்ல.

ஞாயித்துக்கிழமை கையெழுத்து வைபவம். டைனிங் டேபிளைத் துடைச்சு, கையைக் கழுவி, கருப்பு ஜெல் பேனாவைப் பழைய பேப்பர்ல ஓட்டிப் பாத்து. அப்பா ஐ-539ல வாலை இழுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அம்மா, கூட அப்ளை பண்றவங்களுக்கான ஐ-539ஏவுல ஆரம்பிச்சுது. மூச்சு விடுற சத்தம் இல்ல. அந்தக் கட்டம் அமெரிக்காக்காரன் கிறுக்கலுக்கு அளந்து போட்டது, எங்கம்மா மூணாவது எழுத்துலயே பாதிக் கட்டத்தைத் தாண்டிருச்சு, கடைசி எழுத்தோட கொம்பு தேதிக் கட்டத்தோட கோட்டைப் போய் இடிச்சுது. நான் வாயைத் திறக்கல. நாலு புள்ளி. ஊதிக் காய வச்சுது.

நாலு தடவை சரிபாத்து அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு மொத்தக் கட்டும் திரும்பி வந்துருச்சு.

தபால் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டு வந்தது அம்மாதான். நான் பிரிக்க, பக்கத்துலயே நின்னுச்சு. நடுவுல அதோட ஃபார்ம் தெரிஞ்சுது, அந்தக் கொம்பு தெரிஞ்சுது. "என்னோடது சரியில்லனு அனுப்பிட்டாங்களா?"னு கேட்டப்ப குரலே அம்மா குரல் மாதிரி இல்ல. மேல இருந்த தாளை ரெண்டு தடவை படிச்சேன். கார்டுல பணம் கட்டுற ஃபார்ம் ஒண்ணு இருக்கு, ஜி-1450. அதுல கார்டுக்காரர் கையெழுத்து இல்ல. கார்டுக்காரர் யாரு? ராத்திரி ரெண்டு மணிக்கு மேனுவல் படிச்ச மேதை.

சொன்னேன். அப்பா உள்ளேர்ந்து சிரிச்ச சிரிப்புல பாப்பா முழிச்சுக்கிச்சு. அம்மா சிரிக்கல. டேபிளைத் துடைச்சுது. பேனாவை எடுத்துப் பழைய பேப்பர்ல ஓட்டிப் பாத்து என்கிட்ட நீட்டுச்சு.

"உக்காரு. கையக் கழுவுனியா? நிதானமாப் போடு."

போட்டேன். அரை செகண்டு. குனிஞ்சு கொஞ்ச நேரம் பாத்துட்டுக் கேட்டுச்சு:

"புள்ளி எங்கடா?"